முயலுக்கு வேகமான குண்டு எதற்கு? வாசகர் கேள்வி – பதில்

பயிரை மேயும் முயல்களை, நிலக்காரரின் அனுமதியோடு காற்றுத் துப்பாக்கியால் சுடுவது பிரிட்டனில் சட்டப்படி நடக்கும் வேலை. அங்குள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒன்றும் இந்த முறை.

கேள்வி: “அதிவேகம்” என்று டப்பாவில் போட்டிருந்த இலேசான பெல்லட் (காற்றுத் துப்பாக்கிக் குண்டு) வாங்கினேன். 30 மீட்டரில் ஈயப் பெல்லட் ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் விழும். இதுவோ தேங்காய் மூடி அகலத்துக்குச் சிதறுகிறது. வேகம் கூடினால் நல்லதுதானே? – லெஸ்டர்

பதில்: துப்பாக்கி தருகிற ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான். குண்டின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும், அவ்வளவே. 15.6 ஜூல் ஆற்றலில் 0.547 கிராம் ஈயப் பெல்லட் வினாடிக்குச் சுமார் 239 மீட்டரில் கிளம்பும். 0.324 கிராம் உலோகக் கலவைப் பெல்லட் 310 மீட்டரைத் தொடும். ஒலியின் வேகம் சுமார் 340 மீட்டர். அதை நெருங்க நெருங்க, இடுப்பு ஒடுங்கி வால் விரிந்த பெல்லட்டைச் சுற்றி ஓடும் காற்று குழம்பிவிடும். அந்த வால்தான் இறகுப்பந்தின் இறகைப் போல அதை நேராக வைத்திருக்கிறது. காற்றோட்டம் கெட்டால் பெல்லட் தலையாட்டத் தொடங்கும். நீங்கள் பார்த்த சிதறல் அதுதான்.

போதாக்குறைக்கு, எடை குறைந்த குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். கலவை உலோகம் ஈயத்தைப் போல இளகி, குழலின் உட்புறத்தில் குண்டைச் சுழற்றுவதற்கென்று வெட்டிய வரிகளில் ஒட்டி உட்காராது. உங்களுடையது, ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அமுக்கிக் குண்டைச் செலுத்தும் ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் இன்னொரு கேடும் உண்டு: முன்னால் போதிய எதிர்ப்பு இல்லாததால் பிஸ்டன் உருளையின் முனையில் போய் மோதும். ஸ்பிரிங்கும், காற்று கசியாமல் அடைக்கும் சீலும் தேய்வது அங்கேதான். அந்த டப்பாவைத் தகர டின் சுடப் பழகும் பிள்ளைகளுக்குக்கூடக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: முயலுக்கு .177ஆ, .22ஆ? கடைக்காரர் .22தான் என்கிறார். – குரோய்டன்

பதில்: இவை குழல் துளையின் விட்டம், அங்குலத்தில்: .177 என்றால் 4.5 மி.மீ., .22 என்றால் 5.5 மி.மீ. கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. .22 பெருங்குண்டு, விரலுக்கு அடங்கும், குளிரில் கை மரத்திருந்தாலும் போட எளிது. ஆனால் உரிமம் இல்லாத துப்பாக்கிகளின் ஆற்றல் வரம்புக்குள் (12 அடி-பவுண்டு, அதாவது சுமார் 16 ஜூல்) எங்கள் ஓட்டு .177க்கு. காரணம், தூரத்தைக் கணிப்பதில் வரும் பிழை.

இரண்டையும் 30 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிபார்த்து வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) குழலுக்கு 4.5 செ.மீ. மேலே. முயல் 30 மீட்டரில் இருப்பதாக நினைத்துச் சுடுகிறீர்கள், அதுவோ 35 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறது. 0.547 கிராம் .177 சுமார் 1.3 செ.மீ. தாழ்வாகப் படும். 1.03 கிராம் .22 வினாடிக்கு 174 மீட்டரில்தான் கிளம்புகிறது, அதனால் சுமார் 3 செ.மீ. தாழும். முயலின் தலையில் குறி வைக்க வேண்டிய இடம், கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே, ஒரு 10 பென்ஸ் நாணயம் (சுமார் 2.5 செ.மீ. அகலம்) அளவுதான். 1.3 செ.மீ. தாழ்ந்தாலே விளிம்பைத்தான் தொடும். 3 செ.மீ. என்றால் தாடை உடைந்து முயல் வளைக்குள் ஓடிவிடும்.

அந்தி வெளிச்சத்தில் புல்வெளியில் 30ஐயும் 35ஐயும் கண்ணால் பிரிப்பவர்கள் குறைவு. லேசர் தூரமானி இல்லையென்றால், மதியமே போய் வேலிக்கம்பம், புதர் என்று நாலைந்து அடையாளங்கள்வரை அடியெடுத்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குண்டும் அந்த நாணயத்துக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுவே உங்கள் எல்லை. அது 22 மீட்டர் என்றால் 22 மீட்டர்தான். கிட்டப் போய்ச் சுடுங்கள்.

கேள்வி: பெல்லட்டுகளைத் தராசில் எடை பார்த்துப் பிரிக்க வேண்டுமா? – மில்டன் கீன்ஸ்

பதில்: மழைநாளில் பொழுது போகும். வேறு பயன் குறைவு. 0.547 கிராம் பெல்லட்டில் 6.5 மில்லிகிராம் வித்தியாசம் என்று வையுங்கள். ஆற்றல் மாறாதபோது வேகம் 0.6 விழுக்காடு மாறும். 30 மீட்டரில் குண்டு விழும் அளவு சுமார் 9 செ.மீ., அதில் வரும் மாற்றம் ஒரு மில்லிமீட்டர். விசையை அழுத்தும் விரல் அதைவிட அதிகம் தவறும்.

தராசைவிடக் கண்ணை நம்புங்கள். ஒரு டப்பாவைத் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வால் விளிம்பு காகிதம்போல மெல்லியது. டப்பா கீழே விழுந்திருந்தால் ஒரு பக்கம் நசுங்கி அரைநிலா போலிருக்கும். நசுங்கலின் வழியே காற்று ஒருபக்கமாக ஒழுகி, குழலை விட்டு வெளியேறும்போதே குண்டைச் சாய்த்துவிடும். கண்ணாடிப் பலகையில் படுக்க வைத்து உருட்டினால் நல்ல பெல்லட் சீரான வளைவில் போகும், கோணலானது துள்ளும். துள்ளுவதைப் பழகுவதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது தலையின் விட்டம். ஒரே பெல்லட்டை 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனியாக விற்கிறார்கள். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்பதைக் குழல்தான் சொல்லும். ஒவ்வொரு வகையிலும் ஒரு டப்பா வாங்குங்கள். வகை மாற்றும்போது குழலைத் துடைத்துவிட்டு, முதல் 15, 20 குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் சுடுங்கள், புதிய ஈயம் குழலில் படியட்டும். பிறகு காற்றில்லாத நாளில், ஐந்தைந்தாக நான்கு காகிதங்கள். துளைகள் மிக நெருக்கமாக விழுந்த காகிதத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு வகையிலும் நான்கில் மோசமானதை ஒப்பிடுங்கள்.

ஈயத்தைத் தொட்ட கையோடு சாண்ட்விச் சாப்பிட வேண்டாம். பெல்லட்டை உதட்டில் கவ்வி வைக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, அதையும் விடுங்கள்.

கேள்வி: என் ஸ்பிரிங் துப்பாக்கி திடீரென்று வெடிபோலச் சத்தம் போடுகிறது, புகையும் வருகிறது. – ரெடிங்

பதில்: யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். பிஸ்டன் காற்றை நொடியில் அமுக்கும்போது உருளைக்குள் கடும் சூடு பிறக்கும். அங்கே எண்ணெய் இருந்தால் டீசல் என்ஜினைப் போலவே பற்றிக்கொள்ளும். குண்டின் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும், சீல் கருகும். புதுத் துப்பாக்கியில் முதல் சில டஜன் குண்டுகள்வரை இலேசான புகை இயல்பு. அதற்கு மேல் என்றால் குழலை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, நல்ல எடையுள்ள பெல்லட்டாகச் சுட்டுப் பாருங்கள். அடங்காவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். காற்று வரும் துளைக்குள் தையல் மெஷின் எண்ணெய் விடும் வேலையே வேண்டாம்.

கேள்வி: என் பிசிபி துப்பாக்கி வாங்கும்போது 11.6 அடி-பவுண்டு. கனமான பெல்லட் போட்டால் சட்டச் சிக்கல் வருமா? – கொவென்ட்ரி

பதில்: வரலாம். நல்ல கேள்வி. அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் பிசிபி வகையில் கனமான குண்டு போட்டால் பொதுவாக ஆற்றல் கூடும். ஸ்பிரிங் வகையில் பெரும்பாலும் நேர்மாறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 அடி-பவுண்டைத் தாண்டிய ஏர் ரைஃபிளுக்குத் துப்பாக்கிச் சான்றிதழ் தேவை. எந்தப் பெல்லட்டில் தாண்டியது என்பது சாக்காகாது. உங்களிடம் உள்ளதிலேயே கனமான பெல்லட்டைப் போட்டு, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் பத்துக் குண்டு சுட்டு, அதிகபட்சத்தைக் குறித்துவையுங்கள். ஸ்காட்லாந்துக்கு எடுத்துப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. 2016 டிசம்பர் 31 முதல் அங்கே வரம்புக்குள் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கும் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: ஊரில் 4.5 மி.மீ. ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்கள். அப்படியானால் காட்டு முயல், கொக்கு சுடலாமா? – திண்டுக்கல்

பதில்: கூடாது. 20 ஜூலுக்குள் இருக்கும் 4.5 மி.மீ. ஏர்கன் வைத்திருப்பது ஒரு விஷயம், வேட்டை வேறு விஷயம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 எந்தக் கருவி என்று பார்ப்பதில்லை, கண்ணியும் கவணும்கூடக் குற்றம்தான். குறி பார்க்கும் ஆசை இருந்தால் 10 மீட்டர் ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். அங்கே பத்துப் புள்ளி தருவது அரை மில்லிமீட்டர் புள்ளி. தட்டைத் தலைப் பெல்லட் வினாடிக்கு சுமார் 170 மீட்டரில்தான் போகும். ஒலிம்பிக்குக்கே அது போதுகிறது.

கேள்வி: சுட்ட முயலைக் கறி வைக்கலாமா? – ஈஸ்ட் ஹாம்

பதில்: தாராளமாக. முதலில் முகத்தைப் பாருங்கள். கண்ணிமை வீங்கிச் சீழ் வைத்திருந்தால் மிக்சோமடோசிஸ் நோய், சமைக்க வேண்டாம். நல்ல முயல் என்றால் சூடு ஆறுவதற்குள் தலை மேலாகப் பிடித்து, அடிவயிற்றைக் கட்டைவிரல்களால் கீழ்நோக்கி அழுத்தி மூத்திரத்தை வெளியேற்றுங்கள். பிறகு தோலை மட்டும் கிள்ளித் தூக்கி, கத்தி குடலில் படாமல் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துவிடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஈரலைத் தூக்கிப் போடுங்கள். ஒரு நாள் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் சமையுங்கள். கொழுப்பே இல்லாத கறி, பிராய்லர் கோழிக்கு வைக்கும் நேரம் போதாது. மிளகுக் குழம்பாக மூடி போட்டு, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம்.