கேஸ் இருக்கிறது, காற்றுதான் வரவில்லை

இம்முறை வந்த கேள்விகளில் பல, காரின் ஏசியில் காற்று நின்றுபோவதைப் பற்றியவை. எழுதியவர்களில் சிலர் ஏற்கெனவே கேஸ் நிரப்பவும் பணம் கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காற்றைக் குளிர வைப்பது கேஸும் கம்ப்ரசரும். அதை நம் முகத்துக்குத் தள்ளுவது புளோயர் மோட்டார். காற்றே வராத காருக்குக் கேஸ் நிரப்பி எந்தப் பயனும் இல்லை.

புளோயரை 1, 2, 3 ஆகிய வேகங்களில் வைத்தால் ஓடுவதில்லை. 4-இல் மட்டும் பலமாக ஓடுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (மதுரை)

வேண்டாம். 4-இல் நன்றாக ஓடுகிற மோட்டாரில் பழுது இல்லை. பழுது, மின்சாரத்தைக் குறைத்து அனுப்பும் ரெசிஸ்டரில் இருக்கிறது. கையால் திருகும் குமிழ் உள்ள பெரும்பாலான கார்களில், குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகவே மோட்டாருக்குப் போகும். முழு வேகத்தில் மட்டும் அதைத் தொடாமல் நேராகப் போய்விடும். ரெசிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடானால், அதிலுள்ள சிறிய வெப்ப ஃபியூஸ் அறுந்துவிடும். முதல் மூன்று வேகங்களும் ஒன்றாகப் போவது அதனால்தான்.

ரெசிஸ்டர் பொதுவாக குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், காற்றுப் பாதைக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். வீசும் காற்றில் அது குளிர வேண்டும் என்பதே காரணம். ஆகவே உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் தூசியால் அடைத்துக் காற்று குறைந்தால் ரெசிஸ்டருக்கு ஆபத்து. மோட்டாரின் அச்சைத் தாங்கும் புஷ் இறுகிப்போய் அது அதிக மின்சாரம் இழுத்தாலும் இதே கதிதான். ரெசிஸ்டரை மாற்றும்போது மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். வயர்களை இணைக்கும் கப்ளர் கருகியோ உருகியோ இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் புது ரெசிஸ்டரும் சில மாதங்களில் போய்விடும்.

அறுந்த ஃபியூஸுக்குக் குறுக்கே கம்பி சுற்றி ஓட்டித் தருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்க அதுவே வழி.

எந்த வேகத்திலும் காற்று இல்லை. ஆனால் கார் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால் திடீரென்று ஓட ஆரம்பிக்கிறது. (திருச்சி)

மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சுவிட்சை முழு வேகத்தில் வைத்து, மோட்டாரின் அடிப்பகுதியை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். உடனே சுழன்றால் சந்தேகமே இல்லை, மோட்டாருக்கு வேலை வந்துவிட்டது. தட்டி ஓட்டுவது வீடு போய்ச் சேரும் வரைக்கும்தான்.

தட்டியும் ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்), அதன் பிறகு மோட்டார் கப்ளர் என்று வரிசையாகப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது கப்ளரின் இரண்டு முனைகளுக்கிடையே மல்டிமீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியும் மோட்டார் அசையவில்லை என்றால் பழுது மோட்டாரில். அங்கே ஒன்றும் காட்டாமல், மீட்டரின் கறுப்பு வயரைக் காரின் பாடியில் வைத்தால் மட்டும் காட்டுகிறது என்றால் மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் பக்கம் அறுந்திருக்கிறது. சில கார்களில் ரெசிஸ்டரோ சுவிட்சோ அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அவற்றையும் பாருங்கள். புது ஃபியூஸும் உடனே போனால், 30 ஆம்பியர் இருந்த இடத்தில் 40 போட்டுப் பார்க்காதீர்கள். மோட்டார் இறுகியிருக்கிறதா, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று தேடுங்கள். அந்தப் பகுதியில் மஞ்சள் நிற வயர்களோ கப்ளரோ தெரிந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை, தொட வேண்டாம்.

நெடும்பயணத்தில் ஒரு மணி நேரம் கழிந்ததும் காற்று மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. புளோயர் சத்தம் மட்டும் கேட்கிறது. (சேலம்)

கூலிங் காயிலில் பனி உறைந்து காற்றின் வழியை அடைக்கிறது. ஏசியை மட்டும் நிறுத்தி, புளோயரை ஓடவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பினால் காரணம் இதுவே. காயில் அளவுக்கு மீறிக் குளிராமல் கம்ப்ரசரை நிறுத்தச் செய்யும் சென்சார், கேபின் ஃபில்டர், கேஸ் அளவு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட்டருக்குத் தனி ஃபேன் உண்டா? (உதகை)

இல்லை, இரண்டுக்கும் ஒரே புளோயர்தான். அதனால் உங்கள் ஊரில் இது வசதி மட்டும் சம்பந்தப்பட்ட பழுது அல்ல. மழையிலும் பனியிலும் முன்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்குவதும் இதே காற்றுதான். அது இல்லாமல் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காதீர்கள். வழியில் நின்றுபோனால் ஜன்னல்களைச் சற்று இறக்கி வைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள்.

நெடுஞ்சாலையில் நல்ல குளிர், சிக்னலில் நின்றால் வெறும் வெக்கை. புளோயர் நன்றாக ஓடுகிறது. (சென்னை)

இது வேறு ஃபேன். முன்பக்கம், ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் காற்று இழுக்கும் ஃபேன் ஓடவில்லை என்றே நினைக்கிறேன். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்துவிடுகிறது. ஏசியைப் போட்டுவிட்டு அது சுழல்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சுழலாவிட்டால் இன்றே பட்டறைக்குப் போங்கள். போகும் வழியில் இன்ஜின் வெப்பமானியின் முள் ஏறினால் வண்டியை நிறுத்திவிடுங்கள். கையை மட்டும் அருகே கொண்டுபோகாதீர்கள். பல கார்களில் சாவியை அணைத்த பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும்.