குளூட்டனை நிறுத்தியாச்சு, உடம்பு இன்னும் ஏன் தேறல?

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயசு. எண்டோஸ்கோபி பண்ணி பயாப்ஸி (குடல்ல துளி சதை) எடுத்துப் பாத்து சீலியாக்னு சொன்னாங்க, கோதுமை, பார்லில இருக்கற குளூட்டன்ங்கற புரதம் குடலைக் கெடுக்கற வியாதியாம். குளூட்டனை விட்டு அஞ்சு மாசம் ஆகுது. முதல் மூணு வாரம் மேஜிக் மாதிரி இருந்துச்சு, வயித்துப்போக்கு நின்னுச்சு, தூக்கம் வந்துச்சு. அப்புறம் மறுபடி வயிறு ஊத ஆரம்பிச்சிருச்சு, பால் குடிச்சா இன்னும் மோசம், மதியம் ஆனா அடிச்சுப் போட்ட மாதிரி ஒரு அசதி, முடி கொட்டுறதும் நிக்கல. வீட்ல "இவ்ளோ பத்தியம் இருந்தும் ஒண்ணும் ஆகலையே, உனக்கு அந்த வியாதியே இல்லையோ"ன்னு கேக்கறாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. ஒருதடவை கோதுமை சாப்பிட்டுப் பாத்துடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், வேண்டாம்மா. பயாப்ஸில தெரிஞ்ச வியாதி அஞ்சு மாசத்துல சரியாகலைங்கறதுக்காக இல்லாமப் போயிடாது. அந்த சாப்பிட்டுப் பாக்குற சோதனைய ஒரு போரே நடத்திக் காட்டிருச்சு. 1944-45 குளிர்காலத்துல நெதர்லாந்துல பஞ்சம், ரொட்டி கிடைக்கல, ஊரே மெலிஞ்சு கிடந்தப்ப சீலியாக் குழந்தைங்க மட்டும் தேறி வந்தாங்களாம், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துட்டாங்க. வில்லெம் டிக்கேன்னு ஒரு குழந்தை டாக்டர், அவருக்குக் கோதுமை மேல அதுக்கு முன்னாடியே சந்தேகம், 1950ல அதை ஆராய்ச்சியாவே எழுதிட்டார். வீட்ல கேக்கறவங்களுக்கு இந்தக் கதையச் சொல்லிப் பாருங்க.

சரி, ஏன் இவ்ளோ லேட்டாகுது? சிறுகுடல் உள்சுவர்ல விரல் விரலா நீட்டிக்கிட்டு இருக்கும், ஸ்கூல்ல குடலுறிஞ்சின்னு படம் வரைஞ்சிருப்போம். குளூட்டன் உள்ள போறப்பெல்லாம் நம்ம எதிர்ப்பு சக்தியே அதைத் தாக்கித் தாக்கித் தரைமட்டமாக்கி வெச்சிருக்கும். குடலோட மேல் செல்லுங்க நாலஞ்சு நாளைக்கு ஒருதடவை புதுசாகும்தான், அதை வெச்சுக்கிட்டு "ஒரு வாரத்துல ஆறிடும்"னு சிலர் சொல்லிடறாங்க, ஆனா செல் புதுசாகறது வேற, அழிஞ்சு போன விரல் எழும்பி நிக்கறது வேற, உள்ள இருக்கற அழற்சி அடங்காம அது எழும்பாது. குழந்தைங்களுக்கு சீக்கிரம் ஆகும். பெரியவங்களுக்கு, அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆளுங்க 2010ல வெளியிட்ட ஆய்வுல திரும்ப பயாப்ஸி எடுத்துப் பாத்தப்ப, 2 வருஷத்துல 34 சதவீதம் பேருக்குத்தான் குடல் ஆறியிருந்துச்சு, 5 வருஷத்துல 66 சதவீதம். நீங்க இன்னும் அஞ்சாவது மாசத்துல இருக்கீங்க.

ஆனா இதை மட்டும் சொல்லி "பொறுமையா இருங்க"ன்னு உங்கள அனுப்பிட்டேன்னா அது தப்பு. எனக்கும் அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க, எட்டு மாசம் பொறுமையா இருந்தேன், எதிர்ப்பு சக்தி ரத்தத்துல விடற ஆன்டிபாடி இறங்கவே இல்ல. கடைசில பாத்தா ஃப்ரிட்ஜ்ல இருந்த வெண்ணெய் டப்பா! என் வீட்டுக்காரர் அவரோட பிரெட்ல தடவின கத்தியையே திரும்ப டப்பாக்குள்ள விடுவார், அதுல ஒட்டின தூள் அத்தனையும் தினமும் எனக்கு. அன்னைல இருந்து ரெண்டு டப்பா, என்னோடதுல சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

தூள்தானேன்னு நினைக்காதீங்க. ஒரு பிரெட் துண்டுல 2 கிராமுக்கு மேலயே குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் வெச்சு மூணு மாசம் போனாலே குடல் கெடுதுன்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க, அது அந்தத் துண்டுல நாப்பதுல ஒரு பங்கு கூட இல்ல. பாக்கெட்ல குளூட்டன் ஃப்ரீன்னு போட நிறைய நாடுகள்ல வெச்சிருக்கற அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அப்படிப்பட்ட சாப்பாட்டை அரை கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் வரும், அது பெரும்பாலான பேருக்குத் தாங்கும். அதனால லேபிள் இருக்கறத விட லேபிளே இல்லாத இடத்துலதான் ஆபத்து. ஒரே டோஸ்டர், ஒரே சல்லடை, கோதுமை மாவுல புரட்டினதை வறுத்த எண்ணெய், கோதுமை அரைச்ச அதே மிஷின்ல அரைச்ச வேற மாவு, சோயா சாஸ், மால்ட் போட்ட பானம் (மால்ட்னா பெரும்பாலும் பார்லிதான்), சூப் பவுடர். ஓட்ஸ் தனி தலைவலி. சுத்தமான ஓட்ஸ் நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனா சாதாரண ஓட்ஸ் வயல்லயும் மில்லுலயும் கோதுமையோட கலந்துதான் வருது, போதாக்குறைக்கு சுத்தமானதே ஒத்துக்காத ஒரு சின்ன கூட்டமும் இருக்கு. இப்போதைக்கு ஓட்ஸ நிறுத்தி வெச்சுட்டு உடம்பு தேறினப்புறம் டாக்டர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. ஒரு வாரம் வாயில போட்ட எல்லாத்தையும், மாத்திரை முதற்கொண்டு, ஒரு நோட்டுல எழுதி சீலியாக் தெரிஞ்ச டயட்டீஷியன்கிட்ட காட்டுங்க. நம்ம கண்ணுக்குப் படாதது அவங்களுக்குப் படும்.

பால் விஷயம் சிம்பிள். பால் சர்க்கரைய உடைக்கிற லாக்டேஸ் அந்த விரல்களோட நுனிலதான் இருக்கு. நுனியே இல்லாதப்ப பால் செரிக்காம கீழ இறங்கி புளிச்சு கேஸ் ஆகுது. கொஞ்ச மாசம் பாலைக் குறைங்க, லாக்டோஸ் எடுத்த பால் கிடைச்சா அது ஓகே, தயிர் நிறைய பேருக்கு ஒத்துக்கும், ஆனா கால்சியம் குறையாமப் பாத்துக்கணும். குடல் ஆற ஆற பெரும்பாலும் பால் திரும்ப ஒத்துக்க ஆரம்பிச்சிடும்.

அசதிக்கும் முடிக்கும் பிளட் டெஸ்ட் எடுக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். இரும்புச்சத்து உறிஞ்சறது சிறுகுடலோட மேல் பகுதில, சீலியாக் அதிகமா அடிக்கறதும் அதே இடத்துலதான். ஹீமோகுளோபின் நார்மல்னு விட்டுடாதீங்க, ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு சேமிப்பு எவ்ளோ இருக்குன்னு காட்டும்) பாக்கச் சொல்லுங்க, கூடவே பி12, ஃபோலேட், விட்டமின் டி, ஜிங்க், தைராய்டு. தைராய்டு ஏன்னா, எதிர்ப்பு சக்தி நம்மளையே அடிக்கிற தைராய்டு வியாதியும் சீலியாக்கும் அடிக்கடி ஜோடியா வரும், குளூட்டனை எவ்ளோ விட்டாலும் அந்த அசதி அதுக்கான மாத்திரை போடாமப் போகாது. முடி எப்பவுமே லேட், ஃபெரிட்டின் ஏறி சில மாசம் கழிச்சுத்தான் பலன் தெரியும்.

ஆறாவது மாசம் டி.டி.ஜி ஆன்டிபாடி (சீலியாக்குக்கான பிளட் டெஸ்ட்) திரும்ப எடுங்க. முழுசா நார்மலாக ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், அதனால நம்பர விட அது இறங்குதா இல்லையான்னு பாருங்க. இறங்கவே இல்லன்னா எங்கயோ குளூட்டன் போகுது. இறங்கிருச்சு, ஆனா தொந்தரவு ஒரு வருஷமாகியும் அப்படியே இருக்குன்னா, அப்ப வேற காரணத்தத் தேடணும்: சிறுகுடல்ல பாக்டீரியா பெருகியிருக்கலாம், கணையம் சரியா என்சைம் சுரக்காம இருக்கலாம், மைக்ரோஸ்கோப்ல மட்டும் தெரியுற பெருங்குடல் அழற்சி இருக்கலாம், ஐ.பி.எஸ் (குடல் எரிச்சல் நோய்) கூட. இதெல்லாத்துக்கும் தனித்தனி வைத்தியம் இருக்கு. பத்தியத்துக்கே மசியாத ரிஃப்ராக்டரி சீலியாக்னு ஒண்ணு இருக்கு, நெட்ல தேடினா அதான் முதல்ல வந்து பயமுறுத்தும், ரொம்ப அபூர்வம். ஆனா எடை இறங்கிக்கிட்டே போனாலோ, ரத்தம் போனாலோ, ராத்திரி எழுப்பற அளவுக்கு வயித்துப்போக்கு இருந்தாலோ ஆறு மாசம்லாம் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, உடனே டாக்டரப் பாருங்க.

கேள்வி: எனக்கு வயித்துல ஒண்ணுமில்லைங்க, முழங்கை முழங்கால்ல கொப்புளம், பயங்கர அரிப்பு. தோல் பயாப்ஸி பண்ணி இதுவும் குளூட்டனாலதான்னு சொன்னாங்க. நாலு மாசம் பத்தியம் இருந்தும் வருதே?

பதில்: டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ். வாயில நுழையாத பேரு, சீலியாக்கோட தோல் முகம் அது. தோலுக்கடியில படிஞ்சு போன ஆன்டிபாடி மெதுவாத்தான் கரையும், ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம், சிலருக்கு அதுக்கும் மேல. அதுவரைக்கும் சொறிஞ்சுக்கிட்டே இருக்கணும்னு இல்ல, டாப்ஸோன்னு மாத்திரை இருக்கு, சில நாள்லயே அரிப்பு அடங்கும். ஜி6பிடி (சிவப்பணுவக் காக்கற என்சைம்) டெஸ்ட் எடுத்துட்டு, டாக்டர் கண்காணிப்புல மட்டும்தான் போடணும், ரத்த சிவப்பணுவ உடைக்கிற மாத்திரை அது. மாத்திரை தோலைத்தான் பாத்துக்கும், குடலுக்குப் பத்தியம்தான், அதனால அரிப்பு நின்னுடுச்சேன்னு பிரெட் பக்கம் போயிடாதீங்க தம்பி.

கேள்வி: எந்த டெஸ்ட்டும் எடுக்கல, நானாவே குளூட்டனை விட்டேன். பாதி சரியாச்சு, பாதி அப்படியே இருக்கு. இப்ப டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: இந்த மாதிரி கடிதம்தான் எனக்கு அதிகமா வருது, படிக்கறப்பெல்லாம் தலையில கை வெச்சுக்குவேன். குளூட்டனை விட்டப்புறம் ஆன்டிபாடியும் இறங்கும், குடலும் ஆறும், டெஸ்ட் பொய்யா நார்மல்னு வந்துடலாம். பத்தியத்தால மாறாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு, எச்.எல்.ஏ டிக்யூ2, டிக்யூ8 ஜீன் டெஸ்ட். ரெண்டுமே இல்லன்னா சீலியாக் இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்ல. இருந்தா மட்டும் வியாதின்னு அர்த்தமில்ல, அந்த ஜீன் இருக்கற பெரும்பாலானவங்களுக்கு சீலியாக் வரதே கிடையாது. உறுதியா தெரியணும்னா சில வாரம் திரும்ப குளூட்டன் சாப்பிட்டு டெஸ்ட் எடுக்கணும், அது டாக்டரோட சேந்து செய்யற வேலை. இன்னொண்ணு, பாதி சரியானதே குளூட்டனாலதானான்னும் யோசிங்க. கோதுமைல ஃப்ரக்டன்னு ஒரு மாவுச்சத்தும் இருக்கு, சிலருக்கு வயிறு ஊதறதே அதனாலதான், வெங்காயம் பூண்டுலயும் அது நிறைய. நீங்க கோதுமைய விட்டீங்க, வெங்காயத்த விடல, பாதி நின்னுச்சு. இப்படியும் இருக்கலாம்ல?

கேள்வி: குளூட்டன் கழிவை உடம்புல இருந்து சீக்கிரம் வெளியேத்த டீடாக்ஸ் பவுடர் வாங்கினேன், எவ்ளோ நாள் குடிக்கணும்?

பதில்: வெளியேத்தறதுக்கு அங்க ஒண்ணும் தேங்கி நிக்கல, சாப்பிட்ட குளூட்டன் சில நாள்ல தானாவே போயிடும், ஆறாம இருக்கறது குடல் சுவர். அந்த டப்பாவத் திருப்பி பின்னாடி என்ன போட்டிருக்குன்னு படிங்க. கோதுமைப்புல், பார்லிப்புல் பொடின்னு இருக்கும் பாருங்க. வெறும் புல்லுல குளூட்டன் இல்ல, ஆனா அறுக்கறப்ப ஒரு கதிர் சேந்து வந்தாலும் போச்சு.