நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழும்?

அன்புள்ள ஐயா,

இயற்பியலில் முதுகலை முடித்திருக்கிறேன். மே நடுவில் ஏலகிரியில் நடக்கும் ஐந்து நாள் சிறுவர் அறிவியல் முகாமில் பயிற்றுநராகச் சேர்கிறேன். பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். பறவை, செடி, பூச்சி எதன் பெயரும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. கேட்டால் முழிக்க வேண்டியதுதான். அதற்குள் எதைப் படித்துத் தேறலாம்?

ர.

அன்புள்ள ர.,

பெயர்களை மனப்பாடம் செய்யப் போகாதீர்கள். ஒரு பெயரைச் சொன்னதும் பிள்ளை அடுத்ததைக் காட்டி "இது?" என்று கேட்கும். அரை மணியில் நீங்கள் நடமாடும் அகராதி. ஒருவரும் எதையும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். "எத்தனை கால்? இலைக்கு மேலேயா, அடியிலா?" என்று திருப்பிக் கேளுங்கள். பெயரை மாலையில் கையேட்டில் சேர்ந்தே தேடிக்கொள்ளலாம். உங்களுக்குக் கைவந்தது அளவெடுப்பது. அதில் தொடங்குங்கள்.

ஒரு மீட்டர் கம்பு, கொத்தனார் தூக்குக்குண்டு, கயிறு, அளவுநாடா, கூழாங்கற்கள் போதும். முதல் நாள் காலை 9 மணிக்குச் சமதளத்தில் கம்பை நட்டு, நிழல் நுனியில் கல் வையுங்கள். அந்த நீளத்தை ஆரமாகக் கொண்டு கம்பைச் சுற்றி வட்டம் போடுங்கள். பிற்பகலில் நுனி அதே வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டையும் இணைத்தால் கிழக்கு மேற்கு. 9 மணி வட்டத்தை நிழல் மறுபடி தொட ஏறக்குறைய 3.24 ஆகும், மே மாதத்தில் அதற்குள் மேகம் கூடிவிடலாம். அதனால் 10, 11 மணிக்கும் ஒவ்வொரு வட்டம் போட்டு வையுங்கள். கிடைத்த கோட்டுக்குச் செங்குத்தாக, கம்பின் அடி வழியே வடக்கு தெற்குக் கோடு.

இரண்டாம் நாள்தான் விளையாட்டு. நிழல் எப்போது மிகக் குறுகும், எந்தப் பக்கம் விழும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் 12 மணி, வடக்கு என்றுதான் வரும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். உண்மையில் அது ஏறக்குறைய 12.12க்கு, தெற்கே விழும். நீளம் 11 சென்டிமீட்டர்தான். நம் கடிகாரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ டிகிரிக்கானது. ஏலகிரி அதற்கு ஏறக்குறைய 4 டிகிரி மேற்கே. டிகிரிக்கு 4 நிமிடம் என்று 16 நிமிடத் தாமதம். மே நடுவில் சூரியன் ஏறக்குறைய 4 நிமிடம் முந்துவதால் மிச்சம் 12. ஏப்ரல் கடைசியிலேயே சூரியன் ஏலகிரியின் உச்சியைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, ஆகஸ்டில்தான் திரும்புகிறது. நிழல் தெற்கே விழக் காரணம் அதுதான்.

கெடுவது எங்கே? கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலே நுனி 1.7 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். பதினொரு சென்டிமீட்டர் நிழலில் அது பெரிய பிழை. தூக்குக்குண்டை இரண்டு பக்கமிருந்தும் பிடித்துப் பாருங்கள். நுனி மங்கலாகவும் இருக்கும். கம்பின் தலையில் சிறு துளையிட்ட அட்டையை, துளை கம்புக்கு நேர் மேலே வரும்படி கிடையாகப் பொருத்தினால் நிழலுக்குள் சூரியனின் வட்ட பிம்பம் விழும், அதன் நடுவைக் குறிக்கலாம். நண்பகலையொட்டி நீளம் அதிகம் மாறாது: ஆறு நிமிடத்தில் மூன்று மில்லிமீட்டர். ஆனால் நுனி பக்கவாட்டில் நிமிடத்துக்கு நான்கு மில்லிமீட்டர் நகரும். எனவே நீளத்தை நம்பாமல், முதல் நாள் போட்ட கோட்டை நுனி எப்போது கடக்கிறது என்று பாருங்கள். இன்னொன்று: விடை தெரிந்ததாக நினைக்கும் பிள்ளை 12 மணிக்கே குறைந்த அளவை எழுதி வைத்துவிடும். பெரியவர்களும் செய்வதுதான். அளப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்துவிடுங்கள். நால்வர் நால்வராக ஐந்து நிமிடம் வெயிலில் நின்றால் போதும், மற்றவர்கள் மரத்தடியில்.

இரவுக்குத் திரிசங்கு, அதாவது தென்சிலுவை விண்மீன் கூட்டம். மே நடுவில் 9 மணி வாக்கில் நேர்தெற்கில், 15 முதல் 20 டிகிரி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். தெற்கே மரமோ மேடோ இருந்தால் மறைந்துவிடும். முந்தின இரவே இடத்தைப் பார்த்து வையுங்கள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும்.

கோடை இடியை லேசாக எடுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் இருந்தால் எல்லோரும் கட்டடத்துக்குள்; கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்தே வெளியே. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போக எவ்வளவு நேரமாகும், இரவில் வண்டியும் ஓட்டுநரும் முகாமிலேயே தங்குவார்களா என்பதை நடத்துபவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.