கேளுங்கள், சொல்கிறேன்: வாண்டுகள் சிறப்பிதழ்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பற்றியவை. அதனால் அரசியல், சினிமா பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். வாண்டுகள் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

என் மகளுக்கு இரண்டரை வயது. சட்டைப் பொத்தான், செருப்பு, பை ஜிப் எல்லாவற்றுக்கும் "நானே, நானே"தான். அவசரத்தில் நான் போட்டுவிட்டால் அழுது புரண்டு, போட்டதைக் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். தினமும் வேலைக்குத் தாமதம். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?

மாற்றாதீர்கள். இன்னும் சில வருடங்களில் இதே மகளிடம் "நீயே போட்டுக்கோயேன்" என்று கெஞ்சப்போவது நீங்கள்தான்.

ஒருநாள், அவசரமில்லாத விடுமுறை நாளாகப் பார்த்து, அவள் செருப்பு போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா கவனியுங்கள். நாக்கு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாரை எடுத்து வளையத்துக்குள் நுழைப்பாள், அது மறுபக்கம் வருவதற்குள் கை நழுவும், திரும்ப எடுப்பாள், இந்த முறை வார் முறுக்கிக்கொள்ளும், அதைப் பிரிப்பதற்குள் கால் வெளியே வந்துவிடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்ய இன்னும் பழகிக்கொண்டிருக்கிற கை அது. நமக்குப் பத்து விநாடி வேலை, அவளுக்கு அன்றைய காலையின் மிகப்பெரிய திட்டம். அந்தத் திட்டத்தின் நடுவே நாம் புகுந்து "சரி சரி, குடு" என்று முடித்துவைக்கிறோம். கோபம் வராதா? வந்த கோபத்தை அடக்கிக்கொள்ளவும் அவளால் முடியாது, ஏனென்றால் அதற்கான முன்மூளைப் பகுதி முழுதாக முதிர்வதற்கு இருபத்தைந்து வயதுவாக்கில் ஆகிவிடும் என்கிறார்கள். இரண்டரை வயதில் எவ்வளவு முதிர்ந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பேருந்து காத்திருக்காதே, அதற்கு என்ன செய்வது? வேலையைப் பங்கு போடுங்கள். ஜிப்பின் அடிமுனையை நீங்கள் கோத்துக் கொடுங்கள், மேலே இழுப்பது அவள். பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்து வைத்தால் மீதியை அவள் வெளியே இழுப்பாள். காலை நேரத்துக்கு வாரில்லாத செருப்பு, மாலையில் வைத்துக்கொள்ளலாம் வார் வைத்த செருப்பை. உடுப்பை முந்தின நாள் இரவே, இரண்டில் ஒன்று என்று அவளையே தேர்ந்தெடுக்க விடுங்கள். இரண்டுதான், பீரோவை முழுதாகத் திறந்து காட்டிவிடாதீர்கள். இதெல்லாம் செய்தும் நேரமில்லாத நாள் வரும். அன்றைக்கு முன்கூட்டியே "இன்னைக்கு அம்மா போட்டுவிடுறேன், சாயங்காலம் நீ" என்று சொல்லிவிட்டுப் போட்டுவிடுங்கள். அப்படியும் அழுவாள். அழட்டும், தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எல்லா அழுகையையும் நிறுத்தியே ஆகவேண்டும் என்பதில்லை. அப்புறம், நீங்கள் எதிர்பார்த்த அந்தக் கசப்பான யோசனையும் உண்டு: பத்து நிமிடம் முன்னால் எழுந்திருங்கள்.

பத்து மாதப் பையன். கரண்டியைக் கீழே போடுகிறான், எடுத்துக் கொடுத்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி போடுகிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

ஆமாம், வேண்டுமென்றேதான். ஆனால் உங்களைக் கடுப்பேற்றுவதற்கு இல்லை. கண்ணிலிருந்து மறைந்த பொருள் எங்கேயோ இருக்கிறது என்பது ஏறக்குறைய இந்த வயதில்தான் உறைக்கிறது. ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் தன் சொந்தக் குழந்தைகளை இப்படி உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் பெரிய கோட்பாடே எழுதினார். உங்கள் மகன் விழும் சத்தத்தைச் சோதிக்கிறான், நீங்கள் குனிவதையும் சோதிக்கிறான். இடுப்பு வலித்தால் "போதும்" என்று எடுத்து வைத்துவிடலாம், அதில் தப்பே இல்லை. விஞ்ஞானிக்கும் மதிய இடைவேளை உண்டு.

என் ஒன்றரை வயது மகளைப் பகலில் என் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனில் வீடியோ காட்டினால்தான் சாப்பிடுகிறாள் என்கிறார். நான் வேண்டாம் என்றால் "அப்போ நீயே ஊட்டிட்டுப் போ" என்கிறார். என்ன செய்வது?

உங்கள் மாமியார் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க ஒன்றரை வயதின் பின்னால் ஓடுகிறவருக்கு, போன் என்பது பதினைந்து நிமிடம் உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு. அதைப் பிடுங்குவதாக இருந்தால் வேறு எதையாவது கையில் கொடுத்துவிட்டுத்தான் பிடுங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று இருக்கிறது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோ காலில் பேசுவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதிலிருந்து விலக்கி வைக்கிறது, ஆகவே அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஆனால் சாப்பாட்டு நேரத்துப் போனில் எனக்கு உறுத்துவது திரையைவிட வாய்தான். கண் படத்தில் இருக்கும், வாய் தானாகத் திறக்கும், வயிறு நிறைந்ததைக் குழந்தை கவனிப்பதே இல்லை. "ரெண்டு வாய்தான் சாப்பிட்டா" என்ற பயம்தான் இத்தனைக்கும் வேர். முதல் வருடத்தில் ஒரு குழந்தை பிறந்த எடையைப்போல் மூன்று மடங்கு ஆகிறது, இரண்டாம் வருடத்தில் ஏறுவது சுமார் இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையத்தானே செய்யும்? பாட்டியின் கண்ணுக்கு அது "சரியா சாப்பிடறதில்லை" என்று தெரிகிறது. இதை நீங்கள் சொன்னால் எடுபடாது. அடுத்த தடவை எடை பார்க்கப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மருத்துவர் வாயால் வரட்டும். கூடவே, மூன்று வேளையில் ஒரு வேளைக்கு மட்டும் போன் இல்லை என்று ஆரம்பியுங்கள், அதுவும் நீங்கள் வீட்டில் இருக்கும் வேளையாக இருக்கட்டும். குழந்தை கையிலும் கொஞ்சம் கொடுங்கள், தரை நாறட்டும், நீங்களே துடைத்துவிடுங்கள். முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். அடுத்த வேளைக்குப் பசித்துக்கொண்டு வருவாள்.

நான்கரை வயது. இன்னும் இரவில் படுக்கையை நனைக்கிறான். வைத்தியம் தேவையா?

ஐந்து வயது வரை இதை மருத்துவர்கள் நோயாகவே எண்ணுவதில்லை. அதட்டாதீர்கள், தூக்கத்தில் நடப்பதற்கு அவன் பொறுப்பில்லை. மெத்தைக்கு ஒரு ரப்பர் விரிப்பு வாங்குங்கள். மாதக்கணக்கில் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தாலோ, சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ, தண்ணீர் அளவுக்கு மீறிக் குடித்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிறாள், ஒரு வயது. எதற்கு நான் உண்மையிலேயே பயப்பட வேண்டும்?

பட்டன் பேட்டரிக்கு. ரிமோட், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை, எடை பார்க்கும் கருவி என்று வீடு முழுக்க இருக்கிறது, நாணயம்போல வட்டமாக, பளபளவென்று. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே புண்ணாக்கிவிடும், ஆரம்பத்தில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் நேராக மருத்துவமனைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இல்லாத பொம்மையை வீட்டுக்குள் விடாதீர்கள். மண், செருப்பு, துணி நுனி எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நான் ஒரு அப்பா. வேலை முடிந்து ஆசையாக வந்து தூக்கினால், இரண்டு வயது மகன் "அப்பா வேணாம், அம்மாதான்" என்று தள்ளிவிடுகிறான். தூங்கவைப்பது, குளிப்பாட்டுவது எதற்கும் என்னை விடுவதில்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது.

இருக்கும். பெரியவர் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போயிருக்க மாட்டீர்கள். ஆனால் இரண்டு வயதுக்காரர் "வேணாம்" என்றால் "இந்த வேலையை வழக்கமாகச் செய்கிறவர் செய்யட்டும்" என்பதுதான் அர்த்தம். அவர்களுக்கு ஒழுங்கு முக்கியம், யார் எதைச் செய்வது என்பதும் அந்த ஒழுங்கில் சேர்த்திதான். இன்னும் ஆறு மாதத்தில் காற்று திசை மாறி "அம்மா வேணாம்" என்று ஆரம்பித்தால் அப்போது உங்கள் மனைவி எனக்கு எழுதுவார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தூக்காதீர்கள். அவன் ஏதோ வேலையாக இருப்பான். பக்கத்தில் தரையில் உட்காருங்கள், ஒன்றும் கேட்காதீர்கள், போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சக்கரம் கழன்ற ஒரு கார் உங்கள் மடியில் வந்து விழும். அதுதான் அழைப்பிதழ், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், குளியலோ தூக்கமோ ஏதாவது ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். முழுக்க என்றால், அந்த நேரத்தில் அம்மா கண்ணில் படக்கூடாது, கதவோரம் நின்று "சோப்பு கண்ணுல படப்போகுது" என்று மேற்பார்வையும் பார்க்கக்கூடாது. (இந்த வரியை வீட்டில் படித்துக் காட்டுங்கள்.) அழுவான், இரண்டு பேரும் திரும்பத் திரும்பச் செய்தால் பழகிவிடும்.

விருந்தாளிகள் யாராவது "உனக்கு அப்பா பிடிக்குமா அம்மா பிடிக்குமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றுங்கள். இவ்வளவு அபத்தமான கேள்வியை நாம் குழந்தைகளிடம் மட்டும்தான் கேட்கிறோம்.

கையில் கிரேயான், சுவர் முழுக்கக் கிறுக்கல். கேட்டால் "நான் இல்ல, பூனை" என்கிறாள் மூன்றரை வயது மகள். எங்கள் வீட்டில் பூனையே இல்லை. இப்போதே பொய்யா?

பூனை இல்லாத வீட்டில் பூனையைக் கொண்டுவந்தாளே, அந்தக் கற்பனைக்காகவே கொஞ்சம் மன்னிக்கலாம்.

பொய் சொல்ல வேண்டுமானால், எனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது புரிய வேண்டும். அது சாதாரணமாகப் புரிகிற விஷயமில்லை. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இருவர் வெளியிட்ட சோதனை இதில் பிரபலம்: கதையில் ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள், பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தைகள் "புது அலமாரியில்" என்பார்கள், தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்ற நினைப்பில். நான்கு, ஐந்து வயதில்தான் பெரும்பாலானவர்களுக்குச் சரியான விடை வருகிறது. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்கிறாள். கிரேயானை மறைக்கத் தோன்றவில்லை பாருங்கள், இன்னும் முழுதாக உள்ளே வரவில்லை.

ஆகவே, விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "யார் கிறுக்கினது?" என்று குறுக்கு விசாரணை செய்தால் பொய்தான் வரும், பெரியவர்களும் அப்படித்தான். "சுவர்ல கிறுக்கியிருக்கு, துணி எடுத்துட்டு வா, துடைக்கலாம்" என்று நேராக வேலைக்கு வந்துவிடுங்கள். துடைத்தபின் ஒரு பெரிய தாளைச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள். மூன்றரை வயதுக்குக் குனிந்து வரைவதைவிட நின்று வரைவது சுகம்.

தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறான், கண் திறந்திருக்கிறது, என்னை அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை. வயது மூன்று.

பார்க்க உங்களுக்குத்தான் பயங்கரம், அவன் உண்மையில் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறான். கெட்ட கனவு பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும், குழந்தை விழித்துக்கொள்ளும், உங்களைக் கட்டிக்கொள்ளும். இது அப்படியில்லை, இரவின் முதல் பகுதியில் வருகிற இரவுத் திகில். உலுக்கி எழுப்பாதீர்கள், கட்டிலிலிருந்து விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், சில நிமிடங்களில் தானே படுத்துவிடுவான். தூக்கம் பற்றாத நாட்களில் இது அதிகம் வரும். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தேவை, கணக்கு போட்டுப் பாருங்கள். கைகால் வெட்டி இழுத்தாலோ, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

குழந்தையிடம் கத்திவிட்டு அப்புறம் நான் அழுகிறேன். மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்கிறார்கள்.

போகாது. "அம்மா கத்திட்டேன், சாரி" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், பின்னால் "ஆனா நீயும்..." என்று வாலை ஒட்டாதீர்கள். அவள் உங்களைச் சமாதானப்படுத்தும்படியும் ஆக்கிவிடாதீர்கள். டொனால்டு வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களிலேயே, குழந்தைக்குக் குறையே இல்லாத அம்மா தேவையில்லை, ஓரளவு நல்ல அம்மா போதும் என்று எழுதிவிட்டார். ஆனால் தினமும் அழுகை வருகிறது, வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வளர்ப்புப் பிரச்சினை இல்லை, உங்கள் உடம்புப் பிரச்சினை. மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள், தள்ளிப்போடாமல்.

தினமும் இரவு அதே கதைப் புத்தகம். சலித்துவிட்டது. நடுவில் நான்கு பக்கத்தைத் தாவிவிட்டால் கண்டுபிடிப்பானா?

கண்டுபிடிப்பான், முதலிலிருந்தும் படிக்கச் சொல்வான், ஆக உங்களுக்குத்தான் நஷ்டம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் குழந்தைகள் அதிலுள்ள புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொள்வதாக ஆய்வுகளும் அவன் பக்கமே பேசுகின்றன. வேண்டுமானால் ஒன்று செய்யலாம், வரியின் கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள், அவனே சொல்லுவான். மெல்ல மெல்லப் பாதிக் கதையை அவன் தலையில் கட்டிவிடலாம்.