மாங்கொட்டை எண்ணெய் புண்ணை ஆற்றுமா?

கேள்வி: எங்கள் பக்கம் மாம்பழக் கூழ் ஆலைகள் நிறைய. சீசனில் கொட்டையும் சக்கையும் மலை மாதிரி குவிகிறது. அந்தக் கழிவில் எடுக்கும் எண்ணெய் கெட்டே போகாது, கிருமியைக் கொல்லும், சேற்றுப்புண்ணுக்கு நல்லது என்கிறார்கள். செக்கில் ஆட்டிப் பார்க்கலாமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, சக்கையை விடுங்கள், எண்ணெய் இருப்பது கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்பில்தான். அதுவும் காய்ந்த பருப்பு 100 கிலோவுக்குச் சுமார் 10 கிலோ, மீதியில் பெரும்பங்கு மாவு. நிலக்கடலையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய் என்பதால் செக்கில் வழிகிறது, இதைப் போட்டால் மாவுதான் மிஞ்சும். ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானை வைத்துப் பிரிப்பார்கள், அது சட்டென்று தீப்பற்றும், வீட்டு வேலை இல்லை.

சீக்கிரம் கெடாது என்பது சரிதான். ஸ்டியரிக், ஓலியிக் என்ற கொழுப்பு அமிலங்களே இதில் அதிகம், காற்றுப் பட்டுக் காறிப்போகும் வகைக் கொழுப்பு குறைவு. மார்கழிக் காலையில் பார்த்தால் வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கும். ஐரோப்பாவில் சாக்லேட்டில் கோகோ வெண்ணெயோடு 5 சதவீதம் வரை சேர்க்க அனுமதித்த ஆறு தாவரக் கொழுப்புகளில் இதுவும் ஒன்று, நம் ஊரில் குப்பையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் கிருமி விஷயம். பச்சைப் பருப்பைக் கிள்ளி நாக்கில் வையுங்கள், வாயே இழுத்துக்கொள்ளும், அந்தத் துவர்ப்புதான் டானின், காலிக் அமிலம் எல்லாம். பாக்டீரியாவைத் தடுப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான், ஆனால் இவை தண்ணீரிலும் ஆல்கஹாலிலும் கரையும், எண்ணெயில் அவ்வளவாகக் கரையாது, அதனால் எண்ணெய் எடுத்த பிறகும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்த்த தட்டில் மாம்பருப்புச் சாறு நனைத்த வட்டத் தாளை வைப்பார்கள், தாளைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வளையம் விழும். அந்தச் சாறு பெரும்பாலும் ஆல்கஹாலில் எடுத்தது. அதிலும் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் மாதிரி கிருமிகள்தான் சுலபமாக அடங்கும், குடலில் வாழும் ஈ.கோலை (E. coli) வகைக் கிருமிக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் மசியாது.

சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது, அதற்கு இதை நம்பாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். பித்தவெடிப்புக்கு, வறண்ட தோலுக்கு என்று கடையில் விற்கும் சுத்திகரித்த மாம்பருப்பு வெண்ணெய் தடவலாம், நன்றாக இருக்கும்.

கொட்டையை வாங்கி விற்கும் யோசனை இருந்தால் ஈரம்தான் எதிரி. குவித்து வைத்தால் பூஞ்சை பிடித்து எண்ணெய் புளித்துவிடும். வந்த அன்றே கழுவி, வெயிலில் பரப்பி, ஓட்டை உடைத்து, பருப்பு ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காய வையுங்கள்.