அட்டையில் அச்சாகாத வசனம்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு 47 வயது. சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறேன், ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. சிறு வயதிலிருந்தே சபையில் வளர்ந்தவள். எதையும் கர்த்தரிடம் கேட்காமல் செய்ய மாட்டேன். பிரிட்ஜ் பழுதானபோதுகூட ஜெபித்துவிட்டுத்தான் புதிது வாங்கினோம். வீட்டில் இப்போது எல்லாரும் அதையே குற்றமாகச் சொல்கிறார்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்டுத் தரும் அட்டையில், "நான் உனக்குப் போதித்து, நீ நடக்கவேண்டிய வழியை உனக்குக் காட்டுவேன்" என்று இருந்தது. சங்கீதம் 32:8. அங்கேயே அழுதுவிட்டேன். அந்த அட்டையை ஈசிலிங்க் கார்டோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன், ரயிலேறும்போதெல்லாம் கண்ணில் படும். எட்டு மாதம் ஆகிறது. ஒரு வழியும் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு 74 வயது. தோ பாயோவில் மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, மாற்று அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு முறை தேதி கிடைத்தது. இரண்டு முறையும் நான்தான் தள்ளிப்போட்டேன். மனதில் சமாதானம் இல்லை, என்ன செய்ய? தம்பி கத்துகிறான். "கர்த்தர் டாக்டரைக் கொடுத்திருக்கிறார், இன்னும் போன் பண்ணியா சொல்லணும்?" என்கிறான். கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் சபைப் பக்கம் வருகிறவன் எனக்குப் பாடம் எடுக்கிறான். கணவர் "உனக்கு எது சரியோ செய்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். சபையின் கேர் குரூப்பில் ஒரு சகோதரி "காத்திருங்க" என்கிறார், இன்னொருவர் "விசுவாசத்தோடு போங்க" என்கிறார். போதகரோ "ஜெபித்து முடிவெடுங்கள்" என்றார். ஜெபித்தும் முடிவு வராததால்தானே அவரிடம் போனேன்?

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். கண்ணை மூடி வேதத்தைத் திறந்தேன், நாளாகமத்தில் வம்ச அட்டவணை வந்தது. அதில் எனக்கு என்ன பதில்? அடுத்து வருவது இரட்டை மாடி பஸ்ஸாக இருந்தால் சரி என்று ஒருநாள் கேட்டேன். வந்தது. அந்தத் தடத்தில் பெரும்பாலும் இரட்டை மாடிதான் வரும் என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கிதியோன் அடையாளம் கேட்கவில்லையா, நான் கேட்டால் மட்டும் தப்பா?

மகளும் இப்படித்தான். பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்கு சில நாள்தான் அவகாசம். கடைசி இரவு வரை ஜெபித்துக்கொண்டிருந்தேன், அவளே ஒரு படிப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டாள். "நீங்க எப்பவும் இப்படித்தான்மா" என்றாள். அப்படியெல்லாம் இல்லை. அப்பா விஷயத்தில் நான் கேட்காமலே முடிவெடுத்தவள். இனி செய்ய அதிகமில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா என் கையைப் பிடித்து "வீட்டுக்குப் போகணும்" என்றார், கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்தேன், மூன்றாம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்கத்தன்று தம்பி, "அக்கா கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்றான். அது எட்டு வருஷத்துக்கு முந்தின கதை, இங்கே இழுக்க வேண்டாம்.

அம்மாவோ "செஞ்சிடும்மா, மார்க்கெட் வரைக்கும் நடந்தா போதும்" என்கிறார். அம்மாவுக்கு என்ன தெரியும்? தம்பிக்கும் பொறுப்பு கிடையாது. எல்லாம் என் தலையில்தான். கர்த்தர் ஏன் என்னிடம் மட்டும் பேசாமல் இருக்கிறார்?

பெயர் வேண்டாம், செங்காங்

*

அன்புள்ள சகோதரிக்கு,

இங்கே இழுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைத்தான் இழுக்கப் போகிறேன், மன்னியுங்கள். கடிதத்தை நான்கு முறை படித்தேன், நான்கு முறையும் அங்கேதான் நின்றேன். தம்பி, கணவர், கேர் குரூப் சகோதரிகள் மேல் உள்ள வருத்தம் அப்படியே இருக்கட்டும்.

அப்பாவின் தாளில் இருந்தது உங்கள் கையெழுத்து. மூன்று நாளில் அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தாளிலும், பிரிட்ஜ் ரசீது வரைக்கும், கர்த்தருடைய கையெழுத்தை முதலில் வாங்கப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், இன்னொரு அடக்கத்தில் இன்னொரு முறை அந்த வார்த்தையைக் கேட்க உங்களுக்குத் திராணி இல்லை. இதை அவிசுவாசம் என்று நான் சொல்ல மாட்டேன். பயம் இது. எட்டு வருஷமாக ஜெபம் என்ற பெயரில் உங்களோடு இருக்கிறது.

அப்பாவை நீங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்ததால் அவர் இறந்தார் என்று எந்த டாக்டரும் உங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இனி செய்ய அதிகமில்லை என்று டாக்டர் சொன்னதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். போகிற நேரத்தில் ஒரு மனிதர் மகளின் கையைப் பிடித்து ஒன்று கேட்டார், மகள் செய்துகொடுத்தாள். எனக்குத் தெரிந்தவரை நடந்தது அதுதான். தம்பி சொன்னது தவறு. துக்கத்தில் சொன்னான், ஆனாலும் தவறு. அவனிடம் நீங்கள் அதைப் பற்றி இன்றுவரை பேசவில்லை என்பது உங்கள் கோபத்திலேயே தெரிகிறது.

இப்போது அந்த அட்டைக்கு வருகிறேன். அதில் 8ஆம் வசனம் மட்டும்தான் அச்சாகியிருக்கும். இன்று இரவு 32ஆம் சங்கீதம் முழுவதையும் படியுங்கள், 11 வசனம்தான். 3ஆம் வசனத்தில் தாவீது, "நான் அடக்கிவைத்தமட்டும், நித்தம் என் கதறுதலினாலே என் எலும்புகள் உலர்ந்துபோயிற்று" என்கிறார். அவர் அடக்கிவைத்தது பாவம். உங்களுடையது பாவமே இல்லை. ஆனால் அடக்கிவைத்தால் உலர்வது எல்லாருக்கும் ஒன்றுதான். 9ஆம் வசனத்துக்குப் போங்கள். வாரும் கடிவாளமும் போட்டு இழுத்தால்தான் கிட்டே வரும் குதிரையைப்போலவும் கோவேறு கழுதையைப்போலவும் இருக்காதே என்கிறது. வழி காட்டுவேன் என்ற வாக்குக்கு அடுத்த வரியே இது! பஸ்ஸையும் வம்ச அட்டவணையையும் வைத்து நீங்கள் கேட்பது கடிவாளத்தைத்தான். அவரோ உங்களுக்குப் புத்தியைக் கொடுத்து, கண்ணை உங்கள்மேல் வைத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார்.

கிதியோனைக் கேட்டிருந்தீர்கள். பனியை அடையாளமாகக் கேட்டு ஆட்டுத்தோலைப் போடுவதற்கு முன்பே, இஸ்ரவேலை மீட்கப் போ என்று அவனுக்குக் கட்டளை தெளிவாக வந்தாயிற்று. தெரிந்ததைச் செய்யப் பயந்துதான் கேட்டான். இரண்டாம் முறை கேட்கும்போது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக்கொண்டு கேட்டான். தேவன் அவனைப் பொறுத்துக்கொண்டார். அது அவருடைய பொறுமை, நமக்கு வழிமுறை ஆகாது. அப்போஸ்தலர் 1ஆம் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், 2ஆம் அதிகாரத்தில் ஆவியானவர் இறங்குகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் அவர்கள் சீட்டுப்போடவே இல்லை. 15ஆம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் ஒன்று வருகிறது. கூடுகிறார்கள், நெடுநேரம் தர்க்கம் பண்ணுகிறார்கள், முடிவெடுத்து, பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று எழுதி அனுப்புகிறார்கள். "எங்களுக்கும்" என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் பக்கம் என்னால் நிற்க முடியாது. "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் படியில் எந்தக் கால் வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். மார்க்கெட் எத்தனை அடி தூரம் என்று தெரியும். நினைவு தெளிவாக இருக்கும் ஒரு பெரியவரின் சிகிச்சைக்குச் சம்மதம் தர வேண்டியவர் அவர்தான், பிள்ளைகள் அல்ல, சிங்கப்பூரிலும் அப்படித்தான். இரண்டு தேதியையும் அம்மாவின் பெயரில் நீங்கள் தள்ளிப்போட்டீர்கள். உங்களுக்குச் சமாதானம் வரும்வரை வலியைத் தாங்கிக்கொண்டிருப்பவர் அவர். வலிக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தால் தொடைத் தசையும் தளர்ந்துகொண்டே போகும். மகள் சொன்னதும் இதே வலியிலிருந்து வந்ததுதான், அவளைக் கோபிக்காதீர்கள்.

அறுவை சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருதயம், சர்க்கரை, மயக்க மருந்து பற்றியெல்லாம் டாக்டரிடம் கேளுங்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கேளுங்கள். தம்பியையும் கூட்டிப்போங்கள். அவன் தலையிலும் பாதி ஏறட்டும். பிறகும் பயம் இருக்கும். ஆபிரகாம் போகும் இடம் இன்னதென்று தெரியாமல் புறப்பட்டான் என்றுதான் எபிரெயர் 11 சொல்கிறது. புறப்படும் முன் அவனுக்குச் சமாதானம் வந்ததா என்று அங்கே எழுதியில்லை.

தேதிக்காக ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால் போனை அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. அப்பா வீட்டில் இருந்த அந்த மூன்று நாளும் அம்மா பக்கத்திலேயே இருந்திருப்பார். அப்பா என்ன பேசினார், என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார் என்று இந்தச் சனிக்கிழமை தோ பாயோ போய் அவரிடமே கேளுங்கள். அந்த நாட்களைப் பற்றி எட்டு வருஷத்தில் ஒருமுறைகூட நீங்கள் அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

கர்த்தருக்குள்,
உங்கள் ஆலோசகர்