கட்டுமானத் தளமும் புதுமையும்: கேளுங்கள், சொல்கிறேன்

கட்டுமான மேலாண்மையில் ஆய்வு செய்கிறேன். புதுப் பொருளும் புது முறையும் தளத்துக்குள் நுழையத் திணறுவது ஏன் என்பதே என் துறை. வாஸ்து, பட்டா, வீட்டுக் கடன் பற்றிய கேள்விகள் வேண்டாம்.

கேள்வி (முதுகலை மாணவி): புதுத் தொழில்நுட்பத்துக்கான தடைகளைப் பற்றி நூறு பொறியாளர்களிடம் வினாநிரல் கொடுத்துத் தரவரிசைப்படுத்தப் போகிறேன். சரியா?

பதில்: வேண்டாம் அம்மா. முதலிடம் விழிப்புணர்வின்மை, இரண்டாமிடம் அதிகச் செலவு என்று வரும். இந்த ஆய்வேட்டைப் பலமுறை படித்துவிட்டேன், ஊர்ப் பெயர்தான் மாறுகிறது. ஒரே தளத்தில் மூன்று மாதம் நின்று, யார் எதை ஏன் மறுத்தார்கள் என்று எழுதுங்கள்.

கேள்வி: கார் தொழிற்சாலை மாறிய வேகத்தில் கட்டடத் தொழில் மாறாதது ஏன்?

பதில்: கார் தொழிற்சாலையில் அதே ஆட்கள் மறுநாளும் வருவார்கள். இங்கே கட்டடம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது, கற்றதும் அதோடு போய்விடுகிறது. ஒரே தளத்துக்குள் இறுக்கமான பிணைப்பு, தளங்களுக்கிடையே தளர்ந்த பிணைப்பு என்று 2002இல் ஆய்வாளர்கள் டுபுவாவும் காடேவும் எழுதியது இதைத்தான்.

இன்னொன்று, புதுமை பக்கத்து வேலைகளை எவ்வளவு கலைக்கிறது என்பது. ஆய்வாளர் சாரா ஸ்லாட்டர் 1998இல் கட்டுமானப் புதுமைகளை ஐந்து வகையாகப் பிரித்தது இந்தக் கணக்கில்தான். சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் கண்ணாடியிழை ஜிப்சம் பலகைகளால் இரண்டடுக்கு மாதிரி வீடு எழுந்தது. உரத் தொழிற்சாலைக் கழிவிலிருந்து செய்யலாம், செங்கல் செலவு மிச்சம், வேலையும் விரைவு. ஆனால் முழுப் பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். டிரெய்லரும் கிரேனும் வேண்டும். மயிலாப்பூர்ச் சந்துக்குள் கொண்டுபோய்க் காட்டுங்கள், பார்ப்போம்.

கேள்வி: கல்லை உடைத்துச் செய்யும் எம்.சாண்ட் நல்லதா, ஆற்று மணல் நல்லதா?

பதில்: தரமான எம்.சாண்டை கான்கிரீட்டுக்கான மணல், ஜல்லி பற்றிய இந்தியத் தர விதியான 2016இன் ஐ.எஸ். 383 ஏற்கிறது. பரிசோதனைச் சான்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (தளப் பொறியாளர்): புதுமை எப்படிப் பரவுகிறது என்று எழுதிய எவரெட் ரோஜர்ஸ், அதைக் கடைசியாக ஏற்பவர்களைச் சொன்ன 'பின்தங்குவோர்' நம் கொத்தனார்கள்தானே? மெல்லிய பசையால் ஒட்ட வேண்டிய ஏஏசி கல்லை (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) கொடுத்தால் இன்றும் சிமெண்ட் கலவையைத் தடிமனாக அப்புகிறார்கள்.

பதில்: ரோஜர்ஸ் 1962இல் தொகுத்த கோட்பாட்டின் வேர் அயோவா விவசாயிகளின் வீரிய மக்காச்சோளத்தில் இருக்கிறது. விவசாயி தன் வயலுக்குத் தானே முடிவெடுப்பார். உங்கள் தளத்தில் கல்லைத் தேர்ந்தெடுத்தது கொத்தனாரா?

குறுக்கீடு (மேஸ்திரி மகன்): என் அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். விரிசல் விட்டால் பொறியாளரையா கூப்பிடுகிறார்கள்? அப்பாவைத்தான். கூலியில்லாமல் இரண்டு நாள் பூச்சு வேலை பார்த்தார்.

பொறியாளர்: பசையைப் பல்கரணையால் (பல் வைத்த கரணை) 3 மில்லிமீட்டருக்கு இழுக்கச் சொன்னேனே!

பதில்: தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. செங்கல் வேலையில் 10 மில்லிமீட்டர்க் கலவை இருக்கும். அடிமட்டம் கோணலாக இருந்தாலும் கொத்தனார் வரிக்கு வரி சரிக்கட்டிவிடுவார். முப்பது வருடக் கைப்பழக்கம் அதுதான். 3 மில்லிமீட்டர்ப் பசையில் அந்த இடமே இல்லை. முதல் வரியைக் கலவை போட்டு ரசமட்டத்தில் நிறுத்தினால்தான் மேலே பசை நிற்கும். கான்கிரீட் தரை 15 மில்லிமீட்டர் ஏறி இறங்கியிருந்தால் அது அதைப் போட்டவர்களின் பிழை. திட்டு மட்டும் கரணை பிடித்தவருக்கு. முதல் வரிக்குத் தனிக் கூலி கொடுத்தீர்களா, ஐயா?

கேள்வி: ஐயா, எம்.சாண்டில் பூச்சு பூசலாமா?

பதில்: பூச்சுக்கென்றே பி.சாண்ட் விற்கிறார்கள். மணல் கேள்வி இதோடு போதும்.

கேள்வி: முப்பரிமாண அச்சு வீடு எப்போது நம் ஊருக்கு வரும்?

பதில்: 2021இலேயே சென்னை ஐஐடிக்குள் ஒன்று வந்துவிட்டது. மாதிரி வீடு என்பது பரவல் ஆகாது. மாணவிக்குச் சொன்னதுதான் இங்கேயும்: பத்தாவது வீட்டை யார் சொந்தக் காசில் கட்டினார் என்று தேடுங்கள்.

பொறியாளர்: தனிக் கூலி கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் சதுர அடிக் கணக்குதான்.

பதில்: அந்த ஒப்பந்தத்தின் நகலை, பெயர்களை அடித்துவிட்டு, மேலே கேட்ட மாணவிக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஆற்று மணல் இப்போது லோடு என்ன விலை?

பதில்: வணக்கம்.